அம்மாவின் கழுத்து வலிக்கு லேசர் வைக்கச் சொல்கிறார்கள், வைக்கலாமா?

நூல்கண்டு எழுதியது:

வணக்கம். அம்மாவுக்காகக் கேட்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 48 வயது. திருப்பூரில் ஒரு பனியன் யூனிட்டில் ஓவர்லாக் டெய்லர். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதே வேலைதான். பீஸ் ரேட் என்பதால் ஷிப்மென்ட் நெருங்கும் வாரங்களில் ஒன்றரை ஷிப்ட் உட்கார்ந்துவிடுவார், வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டார். கழுத்து வலி ரொம்ப நாளாகவே உண்டு, ஆனால் இந்த வருடம்தான் தாங்கமுடியாமல் போய்விட்டது. பிடரியில் ஆரம்பித்து வலது தோள்பட்டை வரைக்கும் இழுக்கிறதாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அந்த இடத்தில் கையே வைக்கவிடமாட்டார். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் தலையைத் திருப்பாமல் உடம்போடு திரும்பிப் பார்க்கிறார். ராத்திரி சில நேரம் வலது கையில் கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரலும் மரத்துப்போய், எழுந்து உட்கார்ந்து கையை உதறிக்கொண்டிருப்பார்.

எக்ஸ்ரே பார்த்த டாக்டர் கழுத்து எலும்பு தேய்மானம் என்று சொல்லி மாத்திரையும் காலரும் கொடுத்தார். மாத்திரை இருக்கிற வரைக்கும் சரி, தீர்ந்தால் பழையபடி. அப்புறம் பக்கத்தில் ஒரு பிசியோதெரபி சென்டரில் வேக்ஸ் ஒத்தடம், கரண்ட் எல்லாம் வைத்தார்கள், அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தேவலாம் என்பார். இப்போது அதே சென்டரில் லேசர் மெஷின் புதிதாக வாங்கியிருக்கிறார்கள். பன்னிரண்டு சிட்டிங், ஒரு சிட்டிங் 800 ரூபாய், முன்கூட்டியே மொத்தமாகக் கட்டினால் 8,500 ரூபாய், முடியும்போது தேய்மானமே சரியாகிவிடும் என்கிறார்கள்.

லேசர் என்றால் சுடுமா? தேய்ந்த எலும்பு நிஜமாகவே அதில் வளருமா? யாராவது வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? எங்களுக்கு 8,500 சின்னத் தொகை இல்லை. ஆனால் அம்மாவுக்கு வலி குறையும் என்றால் எப்படியாவது கட்டிவிடுவேன்.


கோவைவாசி எழுதியது:

நான் வைத்திருக்கிறேன் தம்பி. எனக்கு உட்கார்ந்து கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை, இதேபோல் பிடரி வலி. சுடவே சுடாது, சொல்லப்போனால் எதுவுமே தெரியாது. பேனா மாதிரி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கழுத்திலும் தோளிலும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து எங்கே வலிக்கிறதோ அங்கே தோலோடு ஒட்டிவைப்பார்கள், கொஞ்ச நேரம் கழித்து அடுத்த இடம். கண்ணுக்கு லேசர் படாமல் இருக்க எனக்கும் கண்ணாடி மாட்டிவிட்டார்கள், வைத்தவரும் மாட்டிக்கொண்டார்.

முதல் சில சிட்டிங்கில் ஒரு வித்தியாசமும் இல்லை, அதற்கப்புறம் நிஜமாகவே குறைந்தது. ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும், லேசர் வைத்தவரே என்னைத் தினமும் உடற்பயிற்சியும் செய்யவைத்தார், செய்யாமல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று கண்டிப்பாக இருந்தார். அதனால் எதில் குறைந்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மொத்தப் பணமெல்லாம் அவர் கேட்கவில்லை, வருகிற அன்றைக்கு அன்றைக்குத்தான்.


ஈரோடு பிசியோ எழுதியது:

தம்பி, நான் பிசியோதெரபிஸ்ட், என்னிடமும் லேசர் இருக்கிறது. ஆனால் லேசரைப் பற்றிப் பேசும் முன்னால் அம்மாவின் கையைப் பற்றித்தான் பேசவேண்டும், ஏனென்றால் நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போவது, எழுந்து உதறினால் சரியாவது, இது பெரும்பாலும் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவதன் அடையாளம். கார்ப்பல் டனல் என்பார்கள். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு கெட்டியான நார்ப்பட்டைக்கும் நடுவே குறுகலான வழி இருக்கிறது, விரல்களை மடக்கும் தசைநார்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. நாள் முழுக்கத் துணியைப் பிடித்துத் தள்ளி மணிக்கட்டை வளைத்தே வேலை செய்கிறவர்களுக்கு அந்த இடம் வீங்கி நரம்பை அமுக்கும். தூங்கும்போது மணிக்கட்டு மடங்கிக் கிடப்பதால் ராத்திரியில் அதிகமாகத் தெரியும். கழுத்தில் ஆறாவது அல்லது ஏழாவது நரம்பு நெருக்கப்பட்டாலும் இதே விரல்களில் மரத்துப்போகும், இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதனால் ஒரு டாக்டரோ நல்ல பிசியோவோ கையைத் தொட்டு, மடக்கி, தட்டிப் பார்த்து எது என்று பிரிக்கவேண்டும், சந்தேகம் என்றால் நரம்புக் கடத்தல் பரிசோதனை எழுதித் தருவார்கள். பிரச்சினை மணிக்கட்டில் இருந்தால் கழுத்தில் எத்தனை சிட்டிங் லேசர் வைத்தாலும் அந்த மரப்பு போகாது. அம்மாவுக்கு சுகர், தைராய்டு உண்டா என்றும் எழுதுங்கள், இரண்டுமே இதற்குத் துணைபோகும்.

இன்னும் சில கேட்க வேண்டியிருக்கிறது. கையில் பலம் குறைந்து சாமான் நழுவுகிறதா, புடவை ஊசி மாட்ட, பட்டன் போட சிரமமா, நடக்கும்போது தள்ளாட்டமா, சிறுநீர் அடக்கமுடியாமல் போகிறதா, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, சமீபத்தில் விழுந்து அடிபட்டது. இதில் எது இருந்தாலும் பிசியோ சென்டர் பக்கமே போகவேண்டாம், நேராக எலும்பு டாக்டரிடமோ நரம்பு டாக்டரிடமோ போங்கள், இன்றைக்கே போங்கள்.

அடுத்தது இந்தத் தேய்மானம். ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டார்கள், 20 வயதுக்காரர்களிலிருந்து 70 வயதுக்காரர்கள் வரை. அதில் 87.6 சதவீதம் பேருக்குக் கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு பிதுங்கியிருந்தது. வலியே இல்லாத மனிதர்கள் இவர்கள். 48 வயதில் எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிவது தலையில் நரை தெரிகிற மாதிரிதான், அதையே வலிக்குக் காரணம் என்று அடித்துச் சொல்லமுடியாது. அந்தத் தேய்மானத்தை லேசர் திருப்பிக் கொண்டுவராது. எலும்பு வளராது, ஜவ்வு பழையபடி ஆகாது. அப்படிச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள் என்றால் தப்பு, அதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

ஆனால் லேசரே ஏமாற்று வேலை என்றும் நினைத்துவிடாதீர்கள். 1960இல் முதல் லேசர் வந்தது. 1967இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற டாக்டர் எலிகளின் முடியைச் சிரைத்து, குறைந்த சக்தி லேசர் வைத்தபோது அந்த இடத்தில் முடி சீக்கிரம் வளர்வதைப் பார்த்தார், புண்ணும் ஆறுவதைப் பார்த்தார். அங்கிருந்துதான் இந்த வைத்தியமே கிளம்பியது. நம் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் ஒரு நொதி இந்தச் சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, அதனால் செல்லின் சக்தி உற்பத்தியும் அழற்சியும் மாறுகிறது என்பது ஒரு விளக்கம். வலியைக் கடத்தும் மெல்லிய நரம்பு இழைகளை அது கொஞ்ச நேரம் மந்தப்படுத்துகிறது என்பது இன்னொன்று. இரண்டுமே இன்னும் ஆராயப்பட்டு வருகின்றன.

பலன் உண்டா என்றால், கழுத்து வலியில் ஓரளவு உண்டு என்றுதான் படித்திருக்கிறேன். 2009இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 16 ஆய்வுகளை, 820 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. ஒளியே வராத போலி லேசர் வைத்தவர்களோடு ஒப்பிட்டால், நாள்பட்ட கழுத்து வலிக்காரர்களுக்கு வலி 100க்குச் சுமார் 20 புள்ளி கூடுதலாகக் குறைந்தது, சிகிச்சை முடிந்து 22 வாரம் வரை அந்தப் பலன் நின்றது. பத்துக்கு ஏழு என்று இருக்கும் வலி ஐந்துக்கு வரும், அவ்வளவுதான், பூஜ்யம் ஆகாது. ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் கிடப்பவருக்கு அந்த இரண்டு புள்ளி பெரிய விஷயம்.

அதில் எனக்கு முக்கியமாகப் படுவது அளவுதான். மெஷின் இருந்தால் போதாது. அந்தக் கட்டுரைப்படி 820 முதல் 830 நானோமீட்டர் அலைநீள லேசர் என்றால், வைக்கிற இடத்தில் ஒரு புள்ளிக்கு 0.8 முதல் 9 ஜூல் வரை (உள்ளே போகும் ஒளி ஆற்றலின் அளவுதான் ஜூல்), 15 முதல் 180 வினாடி. 904 நானோமீட்டர் என்றால் 0.8 முதல் 4.2 ஜூல், நேரம் கொஞ்சம் கூட, 100 முதல் 600 வினாடி. கணக்கு சுலபம்தான், 100 மில்லிவாட் மெஷினை ஒரு நிமிடம் வைத்தால் 6 ஜூல். அதனால் அந்த சென்டரில் போய் மூன்றே மூன்று கேளுங்கள்: அலைநீளம் எத்தனை நானோமீட்டர், சக்தி எத்தனை மில்லிவாட், ஒரு புள்ளிக்கு எத்தனை ஜூல் தருவீர்கள். தெரிந்து வைப்பவர் என்றால் யோசிக்காமல் சொல்வார், கேட்டதற்குச் சந்தோஷப்படுவார். "அதெல்லாம் மெஷினே பார்த்துக்கும்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

சுடுமா என்று கேட்டீர்கள். லேசர்களைப் பாதுகாப்புக்காக வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். 500 மில்லிவாட்டுக்குள் இருப்பது 3பி வகுப்பு, கோவைக்காரர் சொன்னதுபோல் ஒன்றுமே தெரியாது. அதற்கு மேல் நாலாம் வகுப்பு, இப்போது நிறையப் பேர் வாங்குவது அதைத்தான், அது சூடாகும், ஒரே இடத்தில் வைக்கக்கூடாது, கையை நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். நம் கறுத்த தோல் ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும், பச்சை குத்திய இடம் இன்னும் அதிகமாக. சுள்ளென்று பட்டால் உடனே சொல்லிவிட வேண்டும், பொறுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணாடி கட்டாயம், இருவருக்கும். அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது, அதனால் கண் தானாக இமைக்காது, பட்டது தெரியாமலே விழித்திரை போய்விடும். நுனியில் தெரியும் சிவப்பு வெளிச்சம் பெரும்பாலும் இடம் காட்டுவதற்கு மட்டும்தான். கறுப்புக் கூலிங் கிளாஸ் மாட்டிவிடுவதெல்லாம் கணக்கில் வராது, அந்த அலைநீளத்துக்கு என்று செய்த கண்ணாடியாக இருக்கவேண்டும், அலைநீளம் கண்ணாடி மேலேயே அச்சிட்டிருக்கும்.

மொத்தமாகக் கட்டாதீர்கள். நாலைந்து சிட்டிங் போய்ப் பார்க்கலாம், வலியைப் பத்துக்கு எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு அசைவும் இல்லை என்றால் நிறுத்திவிடலாம். கூடவே உடற்பயிற்சி சொல்லித்தராத சென்டர் என்றால் அந்த நாலைந்தும்கூட வேண்டாம்.


கேள்விக்குறி எழுதியது:

ஈரோடு மேடம் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் லான்செட் கட்டுரையை நான் அவ்வளவு நம்பமாட்டேன். அதை எழுதியவர்களில் முதலாமவர் ராபர்ட்டா சௌ, ஆஸ்திரேலிய டாக்டர், லேசர் ஆய்வே அவருடைய துறை, அந்த 16 ஆய்வுகளில் அவருடையதும் உண்டு. அதற்காகப் பொய் என்று சொல்லவில்லை. திடீர் கழுத்து வலிக்கு அதில் எடுத்துக்கொண்டது வெறும் இரண்டு ஆய்வு. 820 பேர் என்றால் பெரிதாகத் தெரிகிறது, 16ஆல் வகுத்துப் பாருங்கள், ஒரு ஆய்வுக்கு ஐம்பது பேர்தான், ஒவ்வொருவரும் ஒவ்வொரு அளவில் வைத்திருக்கிறார்கள். 2013இல் வேறொரு குழு 8 ஆய்வுகளை, 443 பேரை எடுத்து அலசிவிட்டு, உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது என்று முடித்தது.

இன்னொன்று, யாரும் வலி குறைவாக இருக்கும்போது சென்டருக்குப் போவதில்லை. உச்சத்தில் இருக்கும்போதுதான் போகிறோம். ஷிப்மென்ட் வாரத்தில் போய், ஆர்டர் முடிந்த வாரத்தில் குறைந்தால் அந்தப் பெயர் லேசருக்குப் போய்விடும். 8,500 ரூபாய் ஒரு டெய்லரின் பல நாள் சம்பளம் தம்பி. அம்மாவுக்கு ஈஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள், மாதம் 21,000க்குள் சம்பளம் என்றால் அவர் அதற்குள் வருகிறவர்தான். பிடித்தும் கார்டு வாங்காமல் இருப்பவர்கள் எத்தனையோ பேர். கார்டு இருந்தால் டாக்டர், ஸ்கேன், பிசியோ எல்லாம் அதிலேயே பார்க்கலாம். இல்லாவிட்டாலும் அரசு தலைமை மருத்துவமனையில் பிசியோ பிரிவு இருக்கும். முதலில் அங்கே போங்கள்.


ஈரோடு பிசியோ எழுதியது:

நீங்கள் சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். ஆய்வுகள் சின்னவை, உண்மை. ஆனால் ஆர்டர் முடிந்ததால் குறைந்தது, பெயர் லேசருக்கு என்கிறீர்களே, அதைப் பிரித்துப் பார்க்கத்தானே போலி லேசர் வைக்கிறார்கள். இந்த வைத்தியத்தில் அது சுலபமும்கூட, சூடும் இல்லை, வெளிச்சமும் தெரியாது, எது நிஜம் எது போலி என்று நோயாளிக்கும் தெரியாது, வைக்கிறவருக்கும் தெரியாது. சௌ 2006இல் செய்த ஆய்வில் 90 பேர், ஏழு வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை. நிஜ லேசர் வைத்தவர்களுக்குப் பத்துக்கு 2.7 குறைந்தது, போலி வைத்தவர்களுக்கு 0.3 கூடியிருந்தது. ஆர்டர் முடிந்ததால் குறைந்தது என்றால் இரண்டு பக்கமும் குறைந்திருக்க வேண்டுமே.

அமெரிக்க பிசியோதெரபிஸ்ட்டுகள் 2017இல் வெளியிட்ட கழுத்து வலி வழிகாட்டியிலும் லேசர் இருக்கிறது, தனி வைத்தியமாக இல்லை, மற்ற சிகிச்சைகளோடு சேர்த்துத்தான். உடற்பயிற்சிக்குப் பக்கத்தில் அது ஒரு துணை. நானும் அப்படித்தான் வைக்கிறேன், வலி ரொம்ப அதிகமாக இருந்து கழுத்தை அசைக்கவே பயப்படுகிறவர்களுக்கு, பயிற்சி ஆரம்பிக்க ஒரு வழி கிடைக்கட்டும் என்று.

ஈஎஸ்ஐ பற்றிச் சொன்னது ரொம்ப நல்ல யோசனை. தம்பி, அதை இந்த வாரமே பாருங்கள்.


பெருமாநல்லூர் டெய்லர் எழுதியது:

நான் டாக்டரும் இல்லை, பிசியோவும் இல்லை, சிங்கர், ஓவர்லாக், பேட்லாக் எல்லாம் ஓட்டிவிட்டு இப்போது லைன் பார்க்கிறேன். ஒரே ஒரு கேள்வி. அம்மா கண்ணாடி போடுகிறாரா?

எதற்குக் கேட்கிறேன் என்றால், நாற்பது தாண்டிய டெய்லர்களை நான் தினமும் பார்க்கிறேன். வெள்ளெழுத்து வந்திருக்கும், ஆனால் கண்ணாடி போட்டால் வயசாகிவிட்டது, இனிமேல் பீஸ் ஓடாது என்று சூப்பர்வைசர் நினைப்பார் என்று போடமாட்டார்கள். ஊசி மங்கலாகத் தெரியும், தலையை முன்னால் நீட்டிப் பார்ப்பார்கள், அப்படியும் தெரியாவிட்டால் வலது பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பார்கள், ஏனென்றால் ஓவர்லாக்கில் கத்தி வலது பக்கம்தானே, துணி வெட்டுப்படும் ஓரத்தைப் பார்த்தே ஆகவேண்டும். கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் வந்துவிட்டால் மூக்கு மெஷினில் முட்டுகிற அளவுக்குக் குனிந்துவிடுவார்கள். ஷிப்ட் முழுக்க இப்படி உட்கார்ந்தால் எந்தக் கழுத்து தாங்கும்? உங்கள் அம்மாவுக்கும் வலது தோள் என்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

எங்கள் லைனில் ஒரு அக்காவுக்கு இதேதான். கிட்டத்தில் பார்க்க ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டார், ஊசிக்கு மேலே காந்தம் வைத்த சின்ன எல்இடி விளக்கு ஒன்றை ஒட்டிக்கொடுத்தேன், நூறு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஸ்டூலையும் கொஞ்சம் உயர்த்தினோம். வலி சுத்தமாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், மாத்திரை போடுவது நின்றது.

ஸ்டூல் விஷயமும் பாருங்கள். எங்கள் பக்கம் நிறைய யூனிட்டில் முதுகு சாயாத ஸ்டூல்தான், எல்லாருக்கும் ஒரே உயரம். குள்ளமானவர் உட்கார்ந்தால் மெஷின் டேபிள் நெஞ்சுக்கு வந்துவிடும், இரண்டு தோளையும் தூக்கிக்கொண்டே தைக்கவேண்டும். முழங்கை டேபிள் மட்டத்துக்கு வருகிற மாதிரி கீழே மனையோ மெத்தையோ போட்டு உயர்த்துங்கள், உயர்த்தினால் கால் பெடலுக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள், எட்டாவிட்டால் இடுப்பு வலி வந்துவிடும். துணிக்கட்டு வைக்கும் பெட்டி தரையில் இருந்தால் ஒவ்வொரு தடவையும் குனிந்து திரும்பி எடுக்கவேண்டும், அதை டேபிள் உயரத்துக்கு ஏற்றிவைக்கச் சொல்லுங்கள். லைன் பார்க்கிறவர் கொஞ்சம் மனசு வைத்தால் செய்கிற காரியம்தான் இதெல்லாம்.


நூல்கண்டு எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை.

அம்மா கண்ணாடி போடுவதில்லை அண்ணா. கேட்டதற்கு "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்றார். நேற்று ஒரு ஊசியையும் நூலையும் கையில் கொடுத்தேன், கையை நீட்டித் தூரத்தில் வைத்துக் கோக்கப் பார்த்தார், முடியவில்லை, அப்புறம் என்னிடமே கொடுத்துவிட்டார். நாள் முழுக்க மெஷினில் ஊசியையே பார்க்கிறவர். எனக்குக் கஷ்டமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன்.

அக்கா, அம்மாவுக்குச் சுகர் இல்லை. தைராய்டு இருக்கிறது, காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறார், ஆனால் டெஸ்ட் எடுத்து ரொம்ப நாள் ஆகிறது. நீங்கள் கேட்ட மற்றவை எதுவும் இல்லை, சாமான் நழுவுவது மட்டும் ஒரு தடவை டம்ளர் விழுந்தது என்கிறார். சென்டரில் போய் மூன்று கேள்வியும் கேட்டேன். அலைநீளம் தெரியாது, இது வெளிநாட்டு மெஷின், நாலாம் வகுப்பு, பெரிய ஆஸ்பத்திரியில் வைக்கிற அதே மெஷின் என்றார்கள். ஜூல் என்றதும், யார் தம்பி இதெல்லாம் சொன்னது என்றார்கள். லேசருக்கான கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறது, வைப்பவர் போட்டுக்கொள்வார், நோயாளி கண்ணை மூடிக்கொண்டால் போதுமாம். நான் பணம் கட்டாமல் வந்துவிட்டேன்.

இப்போது இரண்டு சந்தேகம். தைராய்டு இருப்பவர்களுக்கு லேசர் வைக்கலாமா? வேறு நல்ல இடம் கிடைக்கும் வரைக்கும் வீட்டில் என்ன செய்யலாம்? காலரைப் போட்டுக்கொண்டே தைக்கலாமா என்று அம்மா கேட்கிறார்.


ஈரோடு பிசியோ எழுதியது:

கட்டாமல் வந்தது நல்லது. நோயாளிக்குக் கண்ணாடி இல்லாத இடத்தில் நாலாம் வகுப்பு லேசர் வைத்துக்கொள்ளவே கூடாது, கண்ணை மூடினால் போதும் என்பது தப்பு.

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்பக்கம் இருக்கிறது. அதற்கு நேராக லேசர் வைக்கமாட்டோம், பிடரியிலும் தோளிலும் வைக்கலாம். ஆனால் உங்கள் அம்மாவுக்கு முதல் வேலை லேசர் இல்லை, தைராய்டு அளவைக் காட்டும் டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைவாக இருந்தால் உடம்பெல்லாம் தசை வலிக்கும், மணிக்கட்டு வீங்கி நரம்பை அமுக்கும், மாத்திரை அளவைச் சரிசெய்தாலே கை மரப்பு குறைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டம்ளர் விழுந்தது ஒரே தடவை என்றாலும் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். கட்டைவிரல் அடியில் உள்ள சதைமேடு இடது கையைவிட வலது கையில் வற்றித் தெரிகிறதா என்று இரண்டு உள்ளங்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வற்றியிருந்தால் தள்ளிப்போடாமல் போகவேண்டும். ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் நேராக வைக்கும் ஸ்பிளின்ட் மருந்துக் கடையிலேயே கிடைக்கும், தூங்கும்போது மட்டும் போடட்டும், இறுக்கிக் கட்டவேண்டாம்.

காலரைப் போட்டுக்கொண்டு தைக்கவே வேண்டாம். கழுத்து குனியாது, அதனால் ஊசியைப் பார்க்க இடுப்பிலிருந்து மடங்குவார், இருக்கிற வலியோடு இடுப்பும் சேரும். நாள்கணக்கில் போட்டால் கழுத்துத் தசை பலமிழந்துவிடும். அதைக் கழற்றி வைத்துவிடுங்கள், டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வீட்டில் இரண்டு பயிற்சி போதும், நிறையச் சொன்னால் எதையும் செய்யமாட்டார். ஒன்று, சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, மோவாயை உள்ளே இழுத்துப் பின்மண்டை சுவரைத் தொடுகிற மாதிரி மெல்ல அழுத்தவேண்டும். தலை குனியவும் கூடாது, நிமிரவும் கூடாது, நேராகப் பின்னால் போகவேண்டும். ஐந்து எண்ணும் வரை பிடித்துவிட்டு விடலாம், பத்துத் தடவை. வேலை இடைவேளையில் மெஷினை விட்டு எழுந்தும் செய்யலாம்.

இன்னொன்று ரப்பர் பட்டையில் செய்வது. டென்மார்க்கில் அடிக்கடி கழுத்து, தோள் வலி வரும் 198 அலுவலக ஊழியர்களை வைத்துச் செய்து 2011இல் வெளியிட்டார்கள், பெரும்பாலும் பெண்கள். ஒரு குழு நாளைக்கு இரண்டு நிமிடம் மட்டும், இன்னொரு குழு பன்னிரண்டு நிமிடம், வாரத்துக்கு ஐந்து நாள், பத்து வாரம். மூன்றாவது குழுவுக்குப் பயிற்சி இல்லை, உடல்நலக் குறிப்புகள் மட்டும். இரண்டு நிமிடம் செய்தவர்களுக்கும் வலி நன்றாகக் குறைந்திருந்தது, பன்னிரண்டு நிமிடக்காரர்களைவிட ரொம்பப் பின்தங்கவில்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து சமைக்கிற ஒரு பெண்ணிடம் அரை மணிநேரம் பயிற்சி செய்யுங்கள் என்று என்னால் சொல்லமுடியாது, இரண்டு நிமிடம் என்றால் சொல்லமுடியும். பட்டையின் நடுவில் காலை வைத்து மிதித்துக்கொண்டு, இரண்டு முனையையும் கையில் பிடித்து, முழங்கை லேசாக மடங்கியிருக்க, கையைப் பக்கவாட்டில் கொஞ்சம் முன்னால் தள்ளித் தோள் உயரம் வரைக்கும் மட்டும் தூக்கி மெதுவாக இறக்கவேண்டும். தோளைக் காதுப்பக்கம் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டெய்லர்கள் பழக்கத்தில் தூக்கிவிடுவார்கள். லேசான பட்டையில் ஆரம்பிக்கட்டும். ஆனால் கை மரப்பு எதனால் என்று டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் பட்டைப் பயிற்சி, அதுவரைக்கும் சுவர்ப் பயிற்சி மட்டும். அதைச் செய்யும்போதும் வலி கைக்கு இறங்கினாலோ மரப்பு கூடினாலோ நிறுத்திவிட வேண்டும்.

இதெல்லாம் ஆரம்பித்து சில வாரம் கழித்தும் வலி அடங்கவில்லை என்றால் லேசரைப் பற்றி அப்போது பேசலாம். கண் பரிசோதனையும் டிஎஸ்ஹெச் ரிப்போர்ட்டும் வந்ததும் இங்கேயே எழுதுங்கள் தம்பி. கண் டாக்டரிடம், மெஷின் ஊசிக்கும் அம்மாவின் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்துகொண்டு போய்ச் சொல்லுங்கள், நிமிர்ந்து உட்காரவைத்து அளக்கவேண்டும். அந்தத் தூரத்துக்குத்தான் பவர் எழுதவேண்டும், புத்தகம் படிக்கிற தூரத்துக்கு எழுதினால் மறுபடியும் குனிந்துதான் தைப்பார்.